சிவகாசியில் ஹெலன் வாசித்த சாயங்காலம்

விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்துத் தருவார்கள் என்று ஹெலன் பினாங்கிலேயே சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் ரொட்டி சானாயை விசிறிப் போட்டுக் கல்லில் சுட்டு, இரண்டு கையாலும் தட்டி உதிர்ப்பார்கள். அதைப் பூரி மாதிரி எண்ணெயில் முக்குவது எனக்கு அநியாயமாகப் பட்டது. வந்திறங்கிய மத்தியானமே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் என்னை உட்கார வைத்துவிட்டார். இலையில் விழுந்த பரோட்டா அப்பளம்போல் நொறுங்கியது. சால்னா கண்ணில் நீர் வரவழைத்தது.

பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி எந்த ஊரு?" என்றார்.

"மலேசியா. அங்கேயும் பரோட்டா உண்டு. ஆனா பொரிக்க மாட்டோம்."

"பொரிக்காம எப்பிடித் திங்கிறீக? சவசவன்னுல்ல இருக்கும்?" என்று நிஜமாகவே இரக்கப்பட்டு, கேட்காமலே இன்னொன்று வைத்தார்.

ஹெலன் சிரிக்கவில்லை. பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஊர் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

நான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன். பினாங்கில் பட்டறை. ஹெலன் ஞானதீபம் ஆசியப் பக்கம் எங்கே வாசித்தாலும் அவருக்கு முன்னால் நான் போய்ப் பியானோவைத் தயார் செய்து வைப்பேன். அவர் பிறந்தது சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவே, தாயில்பட்டியில். இப்போது இருப்பது ஜெர்மனியில். பியானோ வாசிப்பவர் என்றும், இசை எழுதுபவர் என்றும் அங்கே பெயர். அவர் எழுதுவது யாரும் முணுமுணுத்துக்கொண்டு நடக்கக்கூடிய இசை அல்ல. முதல் தடவை கேட்டபோது நான் சேர்த்த சுருதிதான் கலைந்துவிட்டதோ என்று பயந்தேன். கேட்டுக் கேட்டு, ஒரு மழைநாளில் தானாகப் பிடித்துப் போனது.

இந்தத் தடவை பினாங்கில் வாசித்துவிட்டு என்னோடு சேர்ந்தே வந்தார், சிவகாசியிலேயே கச்சேரி. ஒரு பட்டாசுக் கம்பெனி, நிறுவனரின் நூற்றாண்டு விழாவுக்கு அழைத்திருந்தது. முதலாளியின் மகள் லண்டனில் படித்தபோது ஹெலன் வாசித்ததைக் கேட்டிருக்கிறாள். நம்ம ஊர்ப் பொண்ணு நம்ம ஊரில் வாசிக்க வேண்டாமா என்று அப்பாவிடம் பிடிவாதம் பிடித்திருக்கிறாள்.

ஹெலன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். 'மத்தியானம்' என்ற தன் இசையைத்தான் வாசிப்பேன், வாசிக்குமுன் அதற்குரிய பெயர்களை மேடையில் சொல்வேன் என்றார். கம்பெனியிலிருந்து, அப்படியே ஆகட்டும் மேடம் என்று பதில் வந்துவிட்டது.

அந்தப் பெயர்கள், தாயில்பட்டிப் பக்கம் ஒரு மத்தியானம் பட்டாசு ஆலை வெடித்தபோது செத்துப்போனவர்களுடையவை. அதில் ஒருத்தி ஹெலனோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், சந்திரா.

பரோட்டாக் கடையில் இருந்தபோதே போன் வந்தது. சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்த பெரிய பியானோ சிவகாசி மண்டபத்துக்குப் போய்ச் சேரவில்லை. லாரி டிரைவர் காகிதத்தில் இருந்த மாவட்டத்தின் பெயரை ஊரின் பெயராக எடுத்துக்கொண்டு, விருதுநகரிலேயே ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

ஓடினோம். மூட்டைகளுக்கு நடுவே பியானோ போர்த்தியபடி நின்றது. நான் மூடியைத் திறந்து தும்ம ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. கம்பிகளுக்கு அடியில் மிளகாய்த் தூசி படிந்திருந்தது. லோடுமேன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"என்ன மெசின் அண்ணாச்சி இது? அச்சடிக்கிறதா?" என்றார் ஒருவர்.

"இல்ல. வாசிக்கிறது."

"வாசிக்கிறதுக்கா இம்புட்டு எடை? எங்கூரு நாயனக்காரரு கக்கத்துல வச்சிக்கிட்டுப் போயிருவாரே!"

சாக்குகளைச் சுருட்டி அடியில் கொடுத்து, ஒரு கீறல் விழாமல் மறுபடி லாரியில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஆனால் சென்னையிலிருந்து வந்த வழியிலேயே பெடல் கம்பி வளைந்துபோயிருந்தது. சிவகாசியில் அச்சு மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஒரு பட்டறையில் கொடுத்து நிமிர்த்தினேன். அங்கே சுவர் முழுக்க அடுத்த வருஷத்துக் காலண்டர் தாள்கள். சாமி, குழந்தை, சாமி, ரோஜாப்பூ. பினாங்கில் என் வீட்டுச் சுவரில் தொங்குவதும் இங்கே அச்சானதுதான்.

மறுநாள் காலை தாயில்பட்டி போனோம். ரோட்டின் இருபுறமும் கருவேல மரங்கள், அவற்றுக்கு நடுவே தள்ளித் தள்ளி ஓரறைக் கட்டடங்கள். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக அப்படி இடைவெளி விட்டுக் கட்டுவார்களாம். ஊர்க்காரர்கள் ஆலை என்று சொல்வதில்லை. பயராபீஸ் என்கிறார்கள். எங்கள் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் காலையில் லாரியில் நின்றுகொண்டு போவார்கள். இங்கே கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போகிறார்கள், அதுதான் வித்தியாசம். சீசன் ஆரம்பித்துவிட்டதால் எதிரே வந்த பஸ்ஸெல்லாம் நிறைந்து வந்தன.

போகும் வழியில்தான் ஹெலன் கொஞ்சம் பேசினார். அவருடைய அம்மா இந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தீக்காயம் பட்டவர்களை முதலில் அங்கேதான் கொண்டுவருவார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பாராம், பேச மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக் கிறிஸ்தவக் கோயிலுக்கு ஆராதனைக்குப் போனால் அங்கே மூலையில் ஒரு பழைய பியானோ. யாரும் தொடாதது. ஹெலன் தொட்டார். சந்திராவும் கூட வருவாள். அவள் இந்து, கிறிஸ்மஸ் பாட்டுக்குழுவில் சேர்ந்து பாடியது கேக்குக்காக.

பிறகு சென்னை, பரீட்சைகள், உதவித்தொகை, ஜெர்மனி. அங்கே பல வருஷம் நடனப் பள்ளியில் குழந்தைகள் கால் தூக்கப் பியானோ வாசித்தார். ராத்திரியில் எழுதினார். எழுதியதை யாரும் வாசிக்கவில்லை. நாலு வயலின்காரர்களுக்கு எழுதிய ஒன்றை ஒரு பத்திரிகை, 'மென்மையானது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. கல்யாணம் செய்துகொண்டார், அது நிற்கவில்லை. சந்திரா செத்த செய்தி வந்தபோது அழுதுகொண்டே எழுதியது 'மத்தியானம்'. எந்தச் சபையில் வாசித்தாலும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அழைப்பும் அதைத்தான் கேட்டது. புதிதாக எழுதச் சொன்னால்கூட, 'அது மாதிரி' என்றார்கள். விளம்பரத்தில் அவர் முகத்துக்குப் பின்னால் வாணவேடிக்கைப் படம் போட்டார்கள். ஒரு நகரத்தில் மேடையில் நிஜமாகவே ஒரு வெடி வெடிக்கலாமா, அனுமதி வாங்கித் தருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆரம்பத்துல கோபப்பட்டேன். அப்புறம் பழகிப் போச்சு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்திராவின் தங்கை முத்துமாரி வாசலிலேயே நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. எத்தனை முறை கழுவினாலும் போகாத அலுமினியப் பவுடர் அவள் நகக்கண்ணில் வெள்ளியாக மின்னியது.

"வாங்கக்கா, வாங்க சார். சாப்பிட்டீகளா?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டு வைத்தாள். கம்மங்கூழ், மோர் மிளகாய், எங்களுக்காகச் சாத்தூரிலிருந்து வாங்கி வைத்த காரச்சேவு. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே மத்தியானத்தில் போனவர்கள் உண்டு என்று பிறகு தெரிந்தது.

நான் தட்டைக் காலி செய்யும்வரை முத்துமாரி காத்திருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கிறாதீக. மேடையில அந்தப் பேருகளச் சொல்லப் போறீகன்னு கேள்விப்பட்டோம். சொல்ல வேண்டாம்."

ஹெலன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "கம்பெனியில சொல்லச் சொன்னாங்களா?"

"ஐயையோ, இல்ல. அவுக ஒண்ணுமே சொல்லல. நாங்களாத்தான் சொல்றோம்" என்று மற்ற இருவரையும் பார்த்தாள். அவர்கள் தலையாட்டினார்கள். "அன்னைக்கு வெடிச்ச ஆபீசு முதலாளி இந்தக் கம்பெனிக்காரவுகளுக்குச் சம்பந்தி முறை. விழாவுக்கு வருவாரு, முன்னாடிதான் உக்காருவாரு. நாங்க முக்காவாசிப் பேரு இப்ப இவுக கம்பெனியிலதான் வேலை பாக்கோம்."

"அவரு முகத்தப் பாத்துச் சொல்லணும்னுதான் நான் வந்ததே, மாரி."

"சொல்லிட்டு?"

ஹெலன் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நீங்க சொல்லிட்டு மறுநா ரயிலேறிருவீக. காலையில நாங்கதானக்கா பஸ் ஏறணும்? சீசன் நேரம். இவளுக யாரோ சொல்லிக் குடுத்துத்தான் அந்தம்மா பேசுச்சுன்னு நெனைப்பாக. வெளிய நிறுத்துனா வேற எந்த ஆபீஸ்ல எடுப்பான்?"

குரலில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. மழை வரும்போல் இருக்கிறது, துணியை எடுங்கள் என்பதுபோலச் சொன்னாள். கம்பெனியோடு சண்டை வரும் என்று ஹெலனும் நானும் பினாங்கிலிருந்தே மனசுக்குள் தயாராகி வந்திருந்தோம். இதற்குத் தயாராக வரவில்லை.

முத்துமாரியே பேச்சை மாற்றினாள். "அக்காவப் பத்திப் பாட்டுக் கட்டிருக்கீகளாமே, நாங்க கேட்டதே இல்லியே."

ஹெலன் போனில் போட்டுக் காட்டினார். பெண்கள் மூவரும் நெருங்கி உட்கார்ந்து தலைகுனிந்து கேட்டார்கள். ஒரு சுரம், நெடிய மௌனம், இன்னொரு சுரம். பெரிய சபைகளில் அந்த மௌனத்தில் ஒரு இருமல்கூடக் கேட்காது. இங்கே நடுவில் ஆடு கத்தியது. ஒரு பெண், "நின்னு போச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று ஹெலன் கையசைத்தார்.

முடிந்ததும் முத்துமாரி யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. கோயில்ல இருக்க மாதிரி இருக்கு. ஆனா எங்கக்கா இம்புட்டு அமைதியாவா இருந்தா? அவ ஒரு நிமிசம் வாய மூட மாட்டாளே. அவ ரூம்ல சிரிப்புச் சத்தம் தாங்கலைன்னு போர்மேன் வந்து ஏசுவாராம்." பிறகு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று, "எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா" என்று சேர்த்துக்கொண்டாள்.

"இல்ல மாரி. நீ சொல்றது சரிதான்" என்றார் ஹெலன்.

திரும்பும் வழியில் வெம்பக்கோட்டை ரோட்டில் கார் டயர் பஞ்சரானது. டிரைவர் மாற்றி முடிக்கும்வரை வெயிலில் நின்றோம். பினாங்கு வெயில் ஈரத் துண்டை மேலே போட்டது மாதிரி இருக்கும். இது உலைக்கு முன்னால் நிற்கிற மாதிரி. ஹெலன் குடையை விரிக்கக்கூட இல்லை.

"வெளிநாட்டுல எல்லாருக்கும் அது ஒண்ணுதான் வேணும். இங்க அது ஒண்ணுதான் வேண்டாம். நான் வேற எழுதவே இல்லையா, சேகர்?"

"எவ்வளவோ எழுதியிருக்கீங்க."

"அப்ப நாளைக்கு அத வாசிக்கிறேன். யாருமே கேக்காத எல்லாத்தையும்."

கச்சேரி நாள். காலையிலிருந்து மண்டபத்தில்தான் இருந்தேன். வெப்பத்தில் பியானோவின் பலகை விரிசல் விடாமலிருக்க அடியில் வாளிகளில் தண்ணீர் வைத்திருந்தேன். அலங்காரக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதில் கை கழுவிவிட்டுப் போனார்கள். மேடைக்குப் பின்னால் நிறுவனரின் படத்துக்குச் சாமந்தி மாலை ஏறிக்கொண்டிருந்தது.

பெடல் கம்பி சரியாக வேலை செய்கிறதா என்று காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். அப்போது தரை ஒரு தரம் உதறியது. கதவு நிலைகள் அடித்துக்கொண்டன. சத்தம் பிறகுதான் வந்தது, தூரத்திலிருந்து, யாரோ பெரிய பெட்டியைத் தரையில் போட்டதுபோல. பெடல் அழுத்தியிருந்ததால் பியானோவின் அத்தனை கம்பிகளும் ஒரே நேரத்தில் முனக ஆரம்பித்தன. இத்தனை வருஷத் தொழிலில் மனிதர் தொடாமல் பியானோ அப்படி ஒலித்து நான் கேட்டதில்லை. காலை எடுக்கத் தோன்றவில்லை. முனகல் தேய்ந்து அடங்கும்வரை அப்படியே நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் மண்டபத்தில் இருந்த எல்லோர் காதிலும் போன். ஏணி மேல் நின்றவன் அங்கேயே நின்று பேசினான். "ஏலே, அம்மா எந்த ஆபீசு போயிருக்கா? எடுக்க மாட்டேங்கிறா... சரி, சரி, எடுத்துட்டா." சமையல் பக்கமிருந்து ஒரு பெண் ஈரக் கையோடு ஓடி வந்து ரோட்டில் நின்று வானத்தைப் பார்த்தாள். வடக்கே, விஸ்வநத்தத்தையும் தாண்டி என்றார்கள், புகை எழுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகப் போனைச் சட்டைப்பையில் போட்டார்கள். ஏணிக்காரன் மாலையைக் கட்டி முடித்தான். விழாவைக் கவனித்த மேனேஜர், தண்ணீர் பாட்டிலோடு என்னிடம் வந்தார்.

"பயந்துட்டீகளா சார்? நம்ம யூனிட் இல்ல. சின்னதுதான். ரெண்டு பேருதானாம்."

நான் அவரைப் பார்த்தேன். சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பாவும் இதுலதான் சார் போனாரு" என்றார். பிறகு நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார்.

விழாவைத் தள்ளி வைக்க முடியாது என்றார்கள். வடக்கேயிருந்து டீலர்கள் வந்திருக்கிறார்கள், கச்சேரி முடிந்ததும் புது ரகங்களை வெடித்துக் காட்டினால்தான் ஆர்டர் போடுவார்கள். லண்டனில் படித்த மகள் மட்டும் ஹெலன் தங்கியிருந்த அறைக்கு வந்து, நிறுத்திவிடச் சொல்லி அப்பாவிடம் மன்றாடினேன், முடியவில்லை என்று அழுதாள். ஹெலன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"வாசிக்காமப் போயிரலாம், ஹெலன்" என்றேன் நான்.

"போனா மாரிகிட்டதான் கேப்பாங்க, அந்தம்மா ஏன் போச்சுன்னு" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் டீலர்களும் குடும்பங்களும், பட்டும் சென்ட்டும். பின் வரிசைகளில் கம்பெனி பஸ்ஸில் கூட்டி வந்த பெண்கள், அவர்களில் முத்துமாரியும். தொகுப்பாளர், இன்று ஏற்பட்ட துயரத்துக்கு மௌனம் காப்போம் என்றார். காத்தார்கள். உட்காருங்கள் என்றதும் உட்கார்ந்தார்கள். பிறகு வாழ்த்துரைகள். ஒவ்வொருவரும் ஹெலனை 'சிவகாசியின் வெடி' என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள்.

ஹெலன் வாசித்தார். வயலின்காரர்களுக்கு எழுதி யாரும் தொடாத அந்த 'மென்மையான' இசையைப் பியானோவுக்கு மாற்றி வைத்திருந்தார். அதைத்தான் முதலில் எடுத்தார். நடனப் பள்ளிக் காலத்தில் எழுதிய சின்னச் சின்னத் துண்டுகள் அடுத்து. மழையில் நனைந்த டிராம் வண்டியைப் பற்றி ஒன்று. நான் மேடை ஓரத்தில் நின்று கேட்டேன். என் வாழ்நாளில் அவர் அதைவிட நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கேட்டது நானும் அந்த லண்டன் பெண்ணும்தான். முன் வரிசையில் வீடியோ காலில் யாருக்கோ மண்டபத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் காபி வந்தது. ஒரு குழந்தை விடாமல், "வெடி எப்பப் போடுவாக?" என்று கேட்டது.

முடிந்ததும் சால்வை. பிறகு முன் வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், வயசானவர், தடி ஊன்றி மேடைக்கு ஏறி வந்தார். மேனேஜர் என் காதில், "அவருதான் சம்பந்தி" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று கும்பிட்டார். "மனசுக்கு அம்புட்டு அமைதியா இருந்துச்சு. நீங்க தாயில்பட்டியாமே? அங்கன நமக்கு ஒரு ஆபீசு இருந்துச்சு."

"தெரியும்" என்றார் ஹெலன். "சந்திரா அங்கனதான் வேலை பாத்தா."

மேடைக்குக் கீழே, சால்வைத் தட்டைத் திரும்ப வாங்கிப் போக வந்த முத்துமாரி நின்றுகொண்டிருந்தாள். அவள் ஹெலனையே பார்த்தாள்.

"எந்தச் சந்திரா?" என்றார் பெரியவர்.

ஹெலனின் உதடு ஒரு தரம் அசைந்தது. முத்துமாரியைப் பார்த்தார். "என் சிநேகிதி" என்றார்.

"சந்தோசம், சந்தோசம். நான் கேட்டதாச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் தடியை ஊன்றி இறங்கிப் போனார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

வெளியே வாணவேடிக்கை தொடங்கியது. மண்டபம் ஒரே மூச்சில் காலியானது. ஹெலன் பியானோ மூடியின் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். முத்துமாரி மேடையேறி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாங்கக்கா. வந்து பாருங்க."

"வேண்டாம் மாரி."

"நாங்க கட்டுனதுக்கா. வருசம் பூரா கட்டுறோம், மேல போயி வெடிக்கிறத எங்களுக்கு யாரு காட்டுறா? வாங்க."

போனோம். மைதானத்தில் பெண்கள் கும்பலாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தங்கள் அறையின் சரக்கு மேலே விரியும்போது ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். "அந்தா, அந்தப் பச்சை, எங்க ரூம்ல செஞ்சது. பச்சை மருந்து லேசுல பிடிக்காது, தெரியுமா" என்று முத்துமாரி காட்டினாள். அவள் முகத்தில் பெருமை இருந்தது. ஹெலன் ஒவ்வொன்றுக்கும், "நல்லா இருக்கு மாரி" என்றார். வடக்கே காலையில் புகை எழுந்த பக்கம் இருட்டாக இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டீலர்கள் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் விருதுநகர் ரயில் நிலையம். நான் திருச்சியில் இறங்கி விமானம் ஏற வேண்டும், ஹெலனுக்குச் சென்னை வரை பயணம். பகல் ரயில் தாமதம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். பிளாட்பாரத்தில் மல்லிகைப் பூக்காரி, நுங்கு, பால்கோவா. ஹெலன் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் ஜெர்மனிக்குப் போன் செய்தார். அவருடைய கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் பெண்மணியிடம் நெடுநேரம் பேசினார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. முதலில் இவர் குரல் உறுதியாக இருந்தது. பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "இனி 'மத்தியானம்' வாசிக்க மாட்டேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"வருத்தமா இருக்கு, புரியுது, ஓய்வெடு அப்படின்னாங்க. அப்புறம், அச்சாகி வெளிவந்த இசை, யார் வேணா வாசிக்கலாம், அத நிறுத்த எனக்கு உரிமை இல்லைன்னாங்க. அடுத்த விழாவுல எனக்குப் பதிலா ஒரு போலந்துக்காரப் பையன் வாசிப்பானாம். ஏற்கெனவே படிச்சு வச்சிருக்கானாம். அருமையா வாசிக்கிறானாம்."

"பேர்கள்?"

"அவனே வாசிச்சிருவானாம். எழுத்துக் கூட்டி எழுதி வச்சிருக்கானாம்."

ரயில் வருவதாக மணியடித்தது. ஹெலன் எழுந்திருக்கவில்லை. "பேச்சியம்மாள்ங்கிற பேர அவன் எப்படிச் சொல்லுவான், சேகர்?" என்றார். நான் பெட்டிகளை எடுத்தேன்.

எங்கள் எதிர் சீட்டில் ஒரு தாயும் மகளும். சாத்தூர்ப் பக்கம். மகளைத் திருச்சியில் நர்சிங் படிப்பில் சேர்க்கக் கூட்டிப் போவதாக, ரயில் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டார் அந்த அம்மா. அவர் நகத்திலும் வெள்ளி மின்னியது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் இலைத் துண்டில் வைத்தார். மறுத்தால் விடுகிற ஆள் இல்லை. சாப்பிட்டோம்.

"நீங்க என்ன வேலை பாக்கீகக்கா?" என்று ஹெலனைக் கேட்டார்.

"பியானோ வாசிக்கிறேன்."

"அப்படின்னா?"

"பெரிய ஆர்மோனியம் மாதிரி. கைய வச்சு அழுத்தினா சத்தம் வரும்."

அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினார். "நல்ல வேலைக்கா. எம்புட்டுச் சத்தம் வந்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஆமா" என்றார் ஹெலன். "யாருக்கும் ஒண்ணும் ஆகாது."